ஹாலுக்கு வந்த ஏழு லிட்டர் அடுப்பு

பால், பெட்ரோல், மண்ணெண்ணெய் வரிசையில் இப்போது கம்ப்யூட்டரையும் லிட்டரில் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து கேம் விளையாட ஒரு குட்டிப் பிசி அசெம்பிள் செய்யப் போவதாக ஒருவர் வாய் திறந்தால் போதும், "எத்தனை லிட்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. இருபது என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். பத்து என்றால் "பரவாயில்லை". ஏழு என்றால் எழுந்து நின்று கைதட்டுவார்கள். உள்ளே எத்தனை வாட் எரிகிறது, மே மாதத்தில் அது என்ன பாடுபடும், நாலு வருஷம் கழித்து ஒரு பாகத்தை மாற்ற முடியுமா என்று கேட்கிற ஆள் மட்டும் அந்தக் கூட்டத்தில் கிடைக்க மாட்டார்.

ஹாலில் வைக்கிற பெட்டி சின்னதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வாட்டை மறந்துவிட்டு லிட்டரை மட்டும் எண்ணுவதுதான் தப்பு. இங்கே பல வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குவது ஒரே ஒருமுறை நடக்கிற காரியம். ப்ளஸ் டூ முடித்த கையோடு, அப்பாவின் போனஸும் அம்மாவின் சீட்டுப் பணமும் சேர்ந்து ஒரு பெட்டி வரும். பையனின் ப்ராஜெக்ட்டும் அதில்தான், தங்கச்சியின் ஆன்லைன் வகுப்பும் அதில்தான், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டும் அதில்தான். அந்தப் பெட்டி ஆறேழு வருஷமாவது உழைக்க வேண்டும். அந்தப் பணத்தைப் போய் ஷோகேஸ் பொம்மையில் போடச் சொல்வது என்ன நியாயம்?

சின்னப் பெட்டியின் சுருக்கமான வரலாறு

லிட்டர்வாதிகள் ஏதோ நேற்று வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. 2001இல் தைவானின் ஷட்டில் நிறுவனம் எக்ஸ்பிசி என்ற பெயரில் ஷூ டப்பா அளவுக் கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்தது. அதே 2001இல் வியா நிறுவனம் 17 செ.மீ.க்கு 17 செ.மீ. அளவில் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டை அறிவித்தது. பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதி போலத் தெரியும். ஆனால் ஷட்டில் பெட்டியில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தப் பெட்டிக்கென்றே செய்தவை. போர்டு போனால் பெட்டியும் போச்சு. மினி ஐடிஎக்ஸ் ஒரு பொது அளவு. யார் செய்த போர்டும் யார் செய்த கேபினெட்டிலும் உட்காரும்.

அந்தப் பொது அளவு தந்த சுதந்திரத்தில்தான் ஆர்வலர்கள் விளையாடினார்கள். 2013இல் என்கேஸ் எம்1 என்ற கேபினெட் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியே வெளிவந்தது. 2016இல் ஜெர்மனியிலிருந்து டான் ஏ4 அதே வழியில் வந்தது. கொள்ளளவு 7.2 லிட்டர். மதர்போர்டையும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, இரண்டையும் ஒரு ரைசர் கேபிளால் இணைத்த வடிவமைப்பு. மூளை வேலைதான், யாரும் மறுக்கவில்லை.

ஆனால் 2016இல் உச்சியில் இருந்த ஜிடிஎக்ஸ் 1080 கார்டு குடித்தது 180 வாட். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 குடிப்பது 450 வாட். 2025இல் வந்த 5090க்கு 575 வாட். பெட்டி அதே ஏழு லிட்டர், உள்ளே இருக்கிற அடுப்பு மட்டும் மூன்று மடங்கு. இதைச் சொன்னால் "கூலிங் டெக்னாலஜி வளர்ந்துவிட்டது பாஸ்" என்பார்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வாட்டை லிட்டரால் வகுத்தால்

2020இல் வந்த முதல் பிஎஸ்5 பெட்டி 10 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பெரிய விளையாட்டு ஓடும்போது இழுப்பது சுமார் 200 வாட். லிட்டருக்கு 20 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அதே வருஷம் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் சுமார் 7 லிட்டர். அதையும் 200 வாட் என்றே எடுத்தால் லிட்டருக்கு 30 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்த இரண்டையும் செய்தவர்கள் சோனியும் மைக்ரோசாஃப்ட்டும். போர்டு அவர்களுடையது, சிப் அவர்களுக்கென்றே செய்தது, ஹீட்சிங்க் அந்த ஒரே பெட்டிக்காக வார்த்தது. பிஎஸ்5இல் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே திரவ உலோகமே ஊற்றியிருக்கிறார்கள். 45 மி.மீ. தடிமனில் ஒரு ஃபேன். இவ்வளவு செய்தும் சோனியின் பெட்டி பத்து லிட்டரைத் தாண்டிவிட்டது.

இனி லிட்டர்வாதியின் பெட்டி. 200 வாட் ஆர்டிஎக்ஸ் 4070 ஒன்று, சிபியுவும் மற்றவையும் சேர்ந்து ஒரு 100 வாட். மொத்தம் 300. அதை 7.2 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 40 வாட்டைத் தாண்டுகிறது. நாலு கம்பெனி பாகங்களை வாங்கி வந்து, ஸ்க்ரூ டிரைவரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோனியைப் போல இரண்டு மடங்கு நெருக்கத்தில் வெப்பத்தை அடைக்கிறார் மனிதர். அந்தத் தன்னம்பிக்கையைப் பாராட்டலாம். அந்தப் பெட்டியைப் பாராட்ட முடியாது.

வெப்பம் யாருக்கும் சலுகை தருவதில்லை. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, சிப்பைச் சுற்றிய நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டு, முகப்பில் சிவப்பு வளையம் எரிய ஆரம்பித்தது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டியது. அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல். மைக்ரோசாஃப்ட்டிடம் அந்தக் காசு இருந்தது. சொந்தமாக அசெம்பிள் செய்தவருக்கு மைக்ரோசாஃப்ட்டும் அவரே, வாடிக்கையாளரும் அவரே.

நெருக்கிக் கட்டுவதில் வேறு ஆபத்தும் உண்டு. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற ஒல்லிக் கேபினெட்டில் ரைசரைப் பிடித்திருந்த உலோகத் திருகுகள் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 32,000 பெட்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஒரு சாதாரண கேபினெட்டில் கார்டு நேராக போர்டில் சொருகிக்கொள்ளும். ரைசரும் வேண்டாம், அதற்கான திருகும் வேண்டாம்.

அவர்கள் அறை 22 டிகிரி, நம்மூர் ஹால் 36 டிகிரி

குட்டிப் பெட்டிகளைப் புகழ்ந்து வருகிற வீடியோக்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. அறை வெப்பம் 21, 22 டிகிரி என்று கீழே ஒரு ஓரத்தில் போட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. சிப்பின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் ஏறுகிற கணக்கு. 22 டிகிரி அறையில் 75 காட்டுகிற சிப், 36 டிகிரி ஹாலில் 89ஐ நெருங்கும். அங்கே "கொஞ்சம் சூடு, ஆனால் சமாளிக்கலாம்" என்று தீர்ப்பு வாங்கிய பெட்டி, வேலூரிலோ திருச்சியிலோ சித்திரை மாதத்தில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். காசு கொடுத்தது 4070க்கு, ஓடுவது அதற்குக் கீழே.

கம்ப்யூட்டருக்குள் போகிற மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 300 வாட் பெட்டி என்றால் ஹாலில் கூடுதலாக மூன்று விருந்தாளிகள். அவர்களைக் கொண்டுபோய் டிவிக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

சத்தம் இன்னொரு தலைவலி. டான் ஏ4இன் முதல் பதிப்பில் சிபியு கூலருக்குக் கிடைத்த உயரம் 48 மி.மீ. சாதாரண கேபினெட்டில் 155, 160 மி.மீ. கூலர் ஹாயாக உட்காரும். சின்னப் பெட்டிக்கான எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் 92 மி.மீ. ஃபேன். சாதாரண ஏடிஎக்ஸில் 120 மி.மீ.யோ அதற்கு மேலோ. சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும், சுற்றினால் கிறீச்சிடும். படுக்கை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிறவருக்கு அது அவர் பாடு. ஹாலில் பாட்டி சீரியல் பார்க்கிற நேரத்தில்? இதோடு தூசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் திறந்திருக்கிற வீட்டில் மூன்று மாதத்தில் வலைக்கண்கள் அடைந்துவிடும். இருபது லிட்டர் பெட்டியைப் பத்து நிமிஷத்தில் துடைத்து மூடலாம். ஏழு லிட்டர் பெட்டியில் ஒரு ஃபேனைத் தொட நாலு கேபிளைக் கழற்ற வேண்டும்.

விலையும் பூட்டும்

மினி ஐடிஎக்ஸ் போர்டில் ராமுக்கு வழக்கமாக இரண்டே இடம், விரிவாக்கக் கார்டுக்கு ஒரே இடம். 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் அதைவிட அதிகம் கிடைக்கும், அதுவும் குறைந்த விலைக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்து நீட்டுவார்கள். மினி ஐடிஎக்ஸ் கேட்டால் "ஆர்டர் போட்டுத் தரேன் தம்பி" என்பார்கள். செமஸ்டர் நடுவே எஸ்எம்பிஎஸ் புகைந்தால், ஏடிஎக்ஸ் அன்று சாயங்காலமே கிடைக்கும். எஸ்எஃப்எக்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். ப்ராஜெக்ட் ரெவ்யூ காத்திருக்காது.

"அப்படியானால் கம்பெனிக்காரன் செய்த குட்டிப் பெட்டியையே வாங்கிவிடலாமே?" என்றும் சிலர் கேட்கிறார்கள். வால்வ் 2025 நவம்பரில் அறிவித்த புதிய ஸ்டீம் மெஷின் நாலு லிட்டருக்குள் அடங்குகிற கனசதுரம். வால்வ் முதலில் வாட்டைக் கட்டிப்போட்டது: சிபியுவுக்கு 30, கிராஃபிக்ஸுக்கு 110. பிறகு பெட்டி முழுவதையும் ஹீட்சிங்கைச் சுற்றியே கட்டியது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கிராஃபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைத்தது. அது பழசானால் பெட்டியே பழசு. இதே பெயரில் 2015இல் வந்த முதல் தலைமுறையின் கதையும் தெரிந்ததுதான். ஏலியன்வேர் செய்த பெட்டியில் கிராஃபிக்ஸை மாற்ற வழியில்லை. 2018இல் ஸ்டீம் மெஷின் என்ற பிரிவே ஸ்டீம் கடையின் முகப்பிலிருந்து காணாமல் போனது. சின்னதாகவும் வேண்டும், வேகமாகவும் வேண்டும் என்றால் கொடுக்கிற விலை பூட்டுத்தான்.

லிட்டர்வாதிகளின் பதில்கள்

முதல் பதில்: "ஹாலில் இடமில்லை." 20 லிட்டர் தண்ணீர் கேன் இல்லாத வீடு சென்னையில் எத்தனை? அது நிற்கிறது. பக்கத்தில் காலி கேன் ஒன்றும் நிற்கிறது. இன்வெர்ட்டரும் அதன் பேட்டரியும் மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. இதற்கெல்லாம் இடம் இருக்கிற வீட்டில் ஒரு 20 லிட்டர் கேபினெட்டுக்கு இடமில்லையாம்.

இரண்டாவது: "அண்டர்வோல்ட் செய்தால் சூடு குறையுமே." குறையும். வேகம் அதிகம் இழக்காமலே குறையும், நல்ல பழக்கம்தான். ஆனால் பெட்டிக்குத் தக்கபடி வாட்டைக் குறைக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையும் சொல்கிறது. அதை வாங்குவதற்கு முன்பே யோசித்திருந்தால் காசு மிச்சம்.

மூன்றாவது: "அழகாக இருக்கிறது." இதற்குப் பதில் கிடையாது. அழகுக்காக வாங்குகிறவர் அழகுக்காக என்று சொல்லிவிட்டு வாங்கட்டும். முதல்முறை அசெம்பிள் செய்ய வருகிற முதலாமாண்டு மாணவனிடம் அதையே புத்திசாலித்தனம் என்று விற்க வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் வாட்டை முடிவு செய்ய வேண்டும். பழைய கேம்களும் கிரிக்கெட்டும் கால்பந்தும் போதும் என்பவருக்குத் தனிக் கார்டே வேண்டாம். 2024இல் வந்த ரைசன் 7 8700ஜி போன்ற 65 வாட் சிப்பில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அதை ஐந்து லிட்டர் பெட்டியில் போட்டாலும் யாருக்கும் வியர்க்காது. சின்னப் பெட்டி உண்மையில் பொருந்துகிற இடம் இதுதான்.

புதிய கேம்கள் வேண்டும் என்றால் 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டு, மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ், 20 லிட்டர் சுமாரில் வலை முகப்பு வைத்த கேபினெட். ஷோகேஸுக்குள் இல்லாமல் அதன் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். லிட்டருக்குப் பத்து வாட் சுமார்தான் வரும். மே மாதமும் தாங்கும், நாலு வருஷம் கழித்து 200 வாட் கார்டு போட்டாலும் தாங்கும்.

அதற்கும் மேலே ஆசைப்படுகிறவர் பெரிய பெட்டியைப் பெரிய பெட்டியாகவே உள் அறையில் வைத்துவிட்டு, வீட்டு நெட்வொர்க் வழியாக ஹால் டிவிக்குப் படத்தை அனுப்பலாம். ஸ்டீமில் இந்த வசதி 2014 முதல் இருக்கிறது. மூன்லைட் என்ற இலவச மென்பொருளும் இதைச் செய்கிறது. லேன் ஒயர் இழுத்துவிட்டால் ஹாலில் இருப்பது கண்ட்ரோலர் மட்டும்தான். பூஜ்ஜியம் லிட்டர்! இதைவிடச் சின்னப் பெட்டி எந்த லிட்டர்வாதியிடம் இருக்கிறது?

ஆனால் அதைப் படம் எடுத்துப் போட முடியாது, அதுதான் சிக்கல். ஷெல்ஃபில் எதுவுமே இல்லாத படத்துக்கு யார் கைதட்டுவார்கள்? கைதட்டல் வேண்டியவர்கள் ஏழு லிட்டருக்குள் வெந்துகொள்ளட்டும். சீட்டுப் பணத்தில் கம்ப்யூட்டர் வாங்குகிற வீடு கடைக்காரரிடம் முதலில் "எத்தனை வாட்?" என்று கேட்கட்டும். லிட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.