வென்றானும் வெட்டுவானும்

மூன்றாம் வேற்றுமை நடத்துவது இலக்கண ஆசிரியர்க்கு எளிய வேலை. உருபுகளைச் சொல்லி, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள்களைப் பிரித்து, கருத்தாவை மேலும் இரண்டாகப் பகுப்பதற்குள் மணி அடித்துவிடும். அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் ஏவுதற் கருத்தா. தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் இயற்றுதற் கருத்தா. கோயில் ஒன்றே, ஏவியவன் ஒருவன், இயற்றியவன் மற்றொருவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். சென்ற ஆண்டு வரை அது நம்மை ஒரு நொடியும் நிறுத்தியதில்லை.

நிறுத்தியவர் எப்போதும்வென்றானிலிருந்து வரும் மாணவி ஒருவர். எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் உள்ள அவ்வூரின் பெயரை வருகைப் பதிவேட்டில் முதன்முறை காணும் எவரும் சற்றே புன்னகைப்பர். அன்று அவர் எழுந்து கேட்டார்: "வாசல்ல பதிச்சிருக்கிற கல்வெட்டுல இருக்கிறவங்க எல்லாருமே ஏவுதற் கருத்தாதானே, ஐயா? எங்கப்பா கொத்தனார். இந்தக் கட்டடத்துல ரெண்டு கோடை வேலை பார்த்தாங்க. இயற்றுதற் கருத்தாவை எங்கே எழுதுவாங்க?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், தலைமை தாங்கியவர் என ஒன்பது பெயர்கள் கொண்ட அந்தப் பளிங்குக் கல்லை நாள்தோறும் கடந்து வந்திருக்கிறோம். விடை நம்மிடம் இல்லை. காலந்தாழ்ந்து நாம் எழுதும் விடை இது.

விடையைச் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உலகில் எப்போதும் வென்றவர் என்னும் பெயருக்கு மிகவும் உரிமை கோரியவர்கள் உரோமர்கள். கட்டடக்கலை என்றதும் நம் மாணவர் நினைவில் எழுவதும் அவர்கள் எழுப்பிய வளைவுகளும் குவிமாடங்களுமே. ஆனால் உரோமர்க்கு முன்னரே, டைபர் ஆற்றுக்கு வடக்கே, இன்று தஸ்கனி எனப்படும் பகுதியிலும் அதனைச் சூழ்ந்தும் எத்ருஸ்கர் என்னும் மக்கள் நகரங்கள் அமைத்து வாழ்ந்தனர். உயர்ந்த மேடைமீது கோயிலை நிறுத்தி முன்புறம் மட்டும் படி வைக்கும் முறையை உரோமர் அவர்களிடமிருந்தே பெற்றனர். உரோமின் தலைமைக் கோயிலாகிய யூப்பிட்டர் கோயிலுக்குத் தெய்வ உருவம் செய்ய வேயீ என்னும் எத்ருஸ்க நகரிலிருந்து வுல்கா என்பவர் அழைக்கப்பட்டார் எனப் பிளினி எழுதியிருக்கிறார். அவ்வுருவம் சுடுமண்ணால் ஆனது. வேயீ நகர்க் கோயிலின் கூரை முகட்டில் நின்ற ஆளுயர அப்பல்லோவும் சுடுமண்ணே. அதனை இன்று உரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் காணலாம். நம் கரிசல் ஊர்களின் அய்யனார் கோயில்களில் வெயிலில் நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்க்கு, அந்த அப்பல்லோவைச் செய்தவரும் குயவரே என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கி.மு. 396இல் உரோமர் வேயீயை வென்றனர். தம் தலைமைத் தெய்வத்துக்கு உருக்கொடுத்த கலைஞரின் ஊரையே வென்றனர். பெரூஜியா நகரில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எத்ருஸ்கர் எழுப்பிய பெரிய வளைவு வாயில் ஒன்று இன்றும் நிற்கிறது. கி.மு. 40இல் அந்நகரம் வீழ்ந்த பின்னர் அகஸ்டஸின் பெயர் அதன்மேல் பொறிக்கப்பட்டது. ஆகவே எத்ருஸ்க வளைவு என்பதோடு அகஸ்டஸ் வளைவு என்னும் பெயரும் அதற்கு வழங்குகிறது. சில எழுத்துகளை வெட்டிய அளவிலேயே ஒரு வாயிலுக்குக் கருத்தா ஆகிவிட முடிகிறது.

உரோமர்க்குள்ளும் இதுவே நடந்தது. பாந்தியன் கோயிலின் முகப்பில், மூன்றாம் முறை கான்சல் ஆகிய அக்ரிப்பா இதனைச் செய்தான் என்னும் பொருளில் பெரிய இலத்தீன் எழுத்துகள் உள்ளன. அக்ரிப்பா கட்டிய கோயில் தீயில் அழிந்துபோயிற்று. இன்று நிற்பது ஹேட்ரியன் காலத்தில், ஏறத்தாழ 126இல் நிறைவுற்ற கட்டடம். பழைய பெயரே மீண்டும் பொறிக்கப்பட்டதால் பல நூற்றாண்டுகள் உலகம் அந்த முகப்பை நம்பியது. உண்மையைச் சொன்னவை சுவருக்குள் இருந்த செங்கற்கள். சூளைக்காரர்கள் செங்கல்லில் இட்ட முத்திரைகளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தபோதுதான் கட்டடத்தின் காலம் தெளிவாயிற்று. முகப்பின் கல் மறைத்ததைச் சூளையின் செங்கல் காப்பாற்றியது. குறுக்களவு 43 மீட்டருக்கு மேற்பட்ட அக்குவிமாடத்தில் இரும்புக் கம்பி இல்லை. அடியில் கனமான கல், மேலே போகப்போக எடை குறைந்த கல், உச்சியை நெருங்குகையில் நுரைக்கல் எனக் கலவையைப் படிப்படியாக மாற்றியே அதனை நிறுத்தியிருக்கிறார்கள். ஆணையிடுவதால் மட்டும் இந்த அறிவு வந்துவிடாது. கலவையைக் கையில் அள்ளிப் பார்த்தவர்கள் பலர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்தது அது.

எத்ருஸ்கர் வாழ்ந்த வீடுகள் மரமும் மண்ணும் ஆனவை, மறைந்துவிட்டன. ஆனால் செர்வெதெரியில் மென்பாறையைக் குடைந்து அவர்கள் அமைத்த ஈமக் கூடங்கள் வீடுகளைப் போலவே உள்ளன. கூரையில் உத்தரம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, தலையணை வைத்த கட்டில் இருக்கிறது, எல்லாம் கல்லே. 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற இடம் அது. மரவேலையின் நினைவைப் பாறையில் பதித்து வைத்த அக்கைகளை எண்ணும்போதுதான் நமக்குக் கழுகுமலை நினைவு வந்தது.

கோவில்பட்டியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கழுகுமலையில், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட வெட்டுவான் கோயில் உள்ளது. கட்டடக் கோயில் ஒன்றின் விமானத்தை அப்படியே பாறைக்குள்ளிருந்து வெளியே எடுத்த வேலை அது. சிகரம் முடிந்திருக்கிறது, பூதகணங்களும் நந்திகளும் உமாமகேசரும் முடிந்திருக்கின்றனர், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி உலகறிந்தவர். கீழ்ப்பகுதியோ கரடாகவே நின்றுவிட்டது. வகுப்பில் நிகழ்ந்ததற்குப் பின் வந்த ஒரு விடுமுறை நாளில் மாணவர்களோடு அங்குச் சென்றோம். நம் வேண்டுகோளை ஏற்று அம்மாணவியின் தந்தையாரும் வந்திருந்தார்.

மாணவர்க்கு நாம் சொல்ல வைத்திருந்தவை பாண்டியர் காலம், திராவிட விமானம், எல்லோராவோடும் மாமல்லபுரத்தோடும் ஒப்பீடு ஆகியவை. அவரோ வெகுநேரம் பேசாமல் சுற்றி வந்தார். பின்னர்ச் சொன்னார்: "சார், இதுக்குச் சாரமே கட்ட வேண்டியதில்லை. அவங்க நின்ன பாறைதான் சாரம். வேலை இறங்க இறங்கச் சாரமும் இறங்கியிருக்கு. ஆனா கை ஒருதடவை தப்பிச்சுன்னா பூசி மறைக்க முடியாது பாத்துக்கிடுங்க." ஏறத்தாழ 25 அடி ஆழம் பாறையை வெட்டி இறக்கிய அக்கோயிலைப் பற்றி நாம் படித்த பக்கங்களில் இந்த விளக்கம் நம் கண்ணில் பட்டதில்லை. முடிக்கப்படாத அடிப்பகுதி ஏன் அரியது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. வேலை நடந்த வரிசையை அது அப்படியே காட்டி நிற்கிறது.

அதே மலையில் சமணத் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் வட்டெழுத்தில் பெயர்கள் உள்ளன. குரவர், குரத்தியர், அவர்தம் மாணாக்கர் எனப் பலர். இன்னார் செய்வித்த திருமேனி என்பதே அங்குள்ள பொறிப்புகளின் வாய்பாடு. இலக்கணம் கற்றோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பாந்தியன் முகப்பு 'செய்தான்' என்கிறது. கழுகுமலை 'செய்வித்த' என்கிறது. தன் கையால் செய்யாததைச் செய்ததாக எழுத நம் மொழி அங்கே கூசியிருக்கிறது. அந்தப் பிறவினை விகுதி ஒரு நேர்மை. உளி பிடித்தவன் பெயர் அதில் இல்லை. ஆனால் உளி பிடித்தவன் வேறொருவன் உண்டு என்னும் ஒப்புதல் இருக்கிறது. நம் வாயிற் கல்வெட்டில் அந்த ஒப்புதல்கூட இல்லை.

பொருள் கொடுப்பார் இன்றிக் கோயில் ஏது, ஏவியவர் பெயர் இருப்பதில் என்ன பிழை என்று நண்பர்கள் கேட்கலாம். பிழை ஒன்றும் இல்லை. ஏவியவர் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. இயற்றியவர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறோம். அது மரபுக்குப் புறம்பானதும் அன்று. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் இடம்பெற்றிருக்கிறார். அப்பெயரிலும் அரசன் பெயர் ஏறிக்கொண்டது வேறு செய்தி. 1945இல் வீலர் அரிக்கமேட்டின் காலத்தைக் கணிக்கத் துணைகொண்ட சிவப்பு மட்கல வகைக்குப் பெயர் தந்த அரெட்ஸோ, எத்ருஸ்கர் நகராய் இருந்த ஊர். அவ்வகை மட்கலங்களின் முத்திரைகளில் பட்டறை உரிமையாளர் பெயரோடு அடிமைத் தொழிலாளர் பெயர்களும் காணப்படுகின்றன. விலைக்கு வாங்கப்பட்ட மனிதனுக்கு ஒரு தட்டின் நடுவில் கிடைத்த இடம், கூலிக்கு உழைக்கும் குடிமகனுக்கு ஒரு சுவரில் கிடைக்காதா?

உரோமர்க்கு முன்னே நாம், கிரேக்கர்க்கு முன்னே நாம் என்னும் பெருமிதப் பேச்சுகள் இப்போது மேடைதோறும் கேட்கின்றன. தொன்மையை அறிவது கடமையே. ஆனால் யார் முந்தி என்னும் வினா வென்றவரின் வினா. எப்படிச் செய்தார்கள், எவர் கை செய்தது என்பன கற்பவரின் வினாக்கள். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். மழையில் உப்பிச் சுவரைப் பிளக்கும். அதனால் சுக்கான் தட்டுப்படும்வரை வானம் தோண்டிய பிறகே இங்கே வீடு எழுப்ப வேண்டும் என்று அறிந்தவர் நம் மாணவரின் இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நம் பாடத்துக்கும் இடையே ஒரு வாயிற்படிதான் தடை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். தமிழ்த்துறைகள் மூன்றாம் வேற்றுமையை ஒருநாளேனும் அருகிலுள்ள ஒரு பழங்கட்டடத்தின் நிழலில் நடத்த வேண்டும். கட்டடத் தொழிலாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். கல்வி நிறுவனங்கள் இனி எழுப்பும் கட்டடங்களில் இரண்டாவதாக ஒரு கல் வைக்க வேண்டும். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டியவர், தச்சர் என அனைவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். செலவு சில ஆயிரம் ரூபாய். நம் கல்லூரியில் இதனை எழுத்தாகக் கொடுத்திருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் அம்மாணவி ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒன்று கேட்டார். வென்றான், வெட்டுவான் இரண்டுமே வினையாலணையும் பெயர்கள்தாமே என்றார். ஆம் என்றோம். முன்னது இறந்தகாலம், பின்னது எதிர்காலம். அரசர் எவர் பெயரையும் வைக்காமல், வெட்டுபவன் பெயரையே அக்கோயிலுக்கு வைத்து இந்த வட்டாரத்து மக்கள் வழங்கி வருகிறார்கள். மக்கள் வழக்கு நெடுங்காலமாகச் செய்துவரும் ஒன்றைக் கல்லூரிகள் செய்யத் தயங்குவதற்குக் காரணம் நமக்குப் புலப்படவில்லை.