மிட்டாய்த் துறவு: ஒரு மறுப்பு

ஒரு கொள்கையை மறுக்கப் புகுவோன், அதனைக் கொண்டார் "ஆம், யாம் கருதுவது இதுவே" என்று உடன்படுமாறு முதற்கண் எடுத்துரைத்து, அதன் பின்னரே தன் தடைகளை நிகழ்த்துதல் வேண்டும் என்பது நம் நாட்டுத் தருக்க மரபு. சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பிறர் கொள்கையை எடுத்து மறுக்கும் பரபக்கத்தை முன்னும், தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைப் பின்னுமாக அமைத்ததும் இம்மரபு பற்றியே. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் பதியும் பசுவும் பாசமும் அல்ல. பெட்டிக்கடையின் கண்ணாடி ஜாடிக்குள் கிடக்கும் கமர்கட்டும் தேன்மிட்டாயுமே. எனினும், உடல் இளைக்க விரும்பும் எத்தனையோ பேர் அவற்றைப் பற்றிய ஒரு கொள்கையை வேதவாக்காக ஏற்று, அதன்வழி நடக்க முயன்று, தோற்று, தோல்விக்குத் தம்மையே நொந்துகொள்வதைக் காண்கிறோம் ஆதலின், மரபு வழுவாமல் அதனை ஆராய்தல் தகும்.

"எடை குறைய வேண்டுமாயின் இனிப்பைத் தலைமுழுகிவிடு" என்பதே அக்கொள்கை. அதனைத் தாங்கும் தூண்கள் ஐந்து. இனிப்பின்மேல் எழும் ஆசை மனத்திட்பம் இல்லாமையின் அடையாளம் என்பது முதலாவது. விலக்க விலக்க ஆசை தானே பட்டுப்போகும் என்பது இரண்டாவது. சர்க்கரை மதுவைப் போல மனிதனை அடிமை கொள்ளும் வஸ்து, ஆகவே ஒரு துளியும் ஆகாது என்பது மூன்றாவது. ஆசை எழுகிறதென்றால் உடம்பில் ஏதோ ஒரு சத்துக் குறைந்திருக்கிறது, அந்தச் சத்தைக் கொடுத்தால் ஆசை அடங்கும் என்பது நான்காவது. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இவ்விலக்கிற்குப் புறம்பானவை, அவற்றை அஞ்சாமல் உண்ணலாம் என்பது ஐந்தாவது.

முதல் தூணை அசைக்க அதிக முயற்சி தேவையில்லை. இனிப்பை விழைதல் ஒரு குற்றமாயின் அது நம்மோடு உடன்பிறந்த குற்றம். பிறந்து சில மணி நேரமே ஆன சிசுவின் நாவில் ஒரு துளி சர்க்கரை நீரை இட்டால் அதன் முகம் மலர்கிறது, கசப்பை இட்டால் சுளிக்கிறது. அது அருந்தும் தாய்ப்பாலும் இனிப்பே. அன்றியும், இவ்வாசை குணத்தைப் பொறுத்து மட்டும் ஏறி இறங்குவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஆரோக்கியமுள்ள இளைஞர் 12 பேரை ஒருமுறை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமும், மற்றொருமுறை இரண்டு இரவுகள் பத்து மணி நேரமும் படுக்கவைத்து ஒப்புநோக்கினர். உறக்கம் குறைந்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு 28 சதவீதம் மிகுந்தது. நிறைவை உணர்த்தும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இனிப்புப் பண்டங்களின்மேல் விருப்பமும் உடன் ஏறிற்று. இரண்டு இரவுகளுக்குள் அப்பன்னிருவரின் மனத்திட்பம் எங்கே ஓடிப்போயிற்று? மாலை நான்கு மணிக்கு மிட்டாயை நாடும் கை, முந்தைய இரவின் உறக்கத்திற்கும் அன்றைய பகலில் விட்ட சோற்றுக்கும் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கலாம் என்பதை அறியாதாரே அதனைப் பலவீனம் என்று இகழ்வர்.

இரண்டாவது தூணே இக்கட்டடத்தின் நடுத்தூண் ஆதலின், அங்குச் சற்றுத் தங்கிச் செல்வோம். என் நண்பர் ஒருவர் ஆடி மாதத்தில் இனிப்பை விடுவதாகச் சங்கற்பம் செய்துகொண்டு, விருந்துகளில் பாயசத்தை இலையின் ஓரத்திலும் விடவொட்டாது கை கவித்து, கண்டோர் வியக்கும் வண்ணம் தீபாவளி வரை நின்றார். தீபாவளியன்று மைத்துனர் வீட்டில், "மாப்பிள்ளை, ஒன்றே ஒன்று" என்னும் உபசாரத்தை மறுக்கமாட்டாமல் மைசூர்பாகு ஒரு துண்டை வாயிலிட்டார். அவ்வளவில் நின்றிருந்தால் நூறு சொச்சம் கலோரியோடு கதை முடிந்திருக்கும். "விரதம் கெட்டது கெட்டுவிட்டது, முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு?" என்று எண்ணினார், விளக்கு வைப்பதற்குள் தட்டு காலியாயிற்று.

அவரைக் கவிழ்த்தது அந்த முதல் துண்டு அன்று, முக்காட்டுப் பழமொழியே என்பதற்கு விஞ்ஞானச் சான்றும் உண்டு. 1975-இல் ஹெர்மன், மாக் என்னும் உளவியலார் இருவர், கல்லூரிப் பெண்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் அருந்தக் கொடுத்து, பின்னர் ஐஸ்கிரீமைச் சுவை பார்க்கச் சொல்லி, அவர்கள் உண்ட அளவைக் குறித்தனர். உணவில் கட்டுப்பாடு கொள்ளாதவர்கள், மில்க் ஷேக் அருந்தியபின், இயல்பாகவே ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டனர். நாள்தோறும் தம் வாயைக் கட்டி வாழ்ந்தவர்களோ, வயிறு வெறுமையாக இருந்தபோது உண்டதைவிட, மில்க் ஷேக் அருந்திய பின்னர் அதிகமாக உண்டனர். விலக்கு என்னும் அணை ஒருமுறை உடைந்தபின், எங்கே நிறுத்துவது என்பதற்கு அவர்களிடம் வேறு கரை இல்லாமற் போயிற்று.

விலக்கப்பட்ட பண்டம் மனத்தைவிட்டு அகலுவதுமில்லை. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த ஆடவர் 36 பேரை ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி கிடக்கவைத்து ஆராய்ந்தார். அவர்களுடைய உடல் மட்டும் மெலியவில்லை. பேச்சும் கனவும் உணவைச் சுற்றியே சுழன்றன. அடுக்களைப் பக்கமே எட்டிப் பாராத சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினர். வயிற்றைக் காயப்போட்டு ஆசையை மட்டும் அடக்கிவிடலாம் என்பார், அம்முப்பத்தறுவரை நினைத்துப் பார்ப்பாராக.

எதிர்க்கட்சியார் இவ்விடத்தில் ஒரு நியாயமான வாதத்தை எழுப்பக் கூடும். மாவுப்பொருளைப் பெரிதும் குறைத்த உணவை நெடுங்காலம் கைக்கொண்டவர்களுக்கு அவ்வகைப் பண்டங்களின்மேல் இருந்த வேட்கை நாளடைவில் தணிந்ததாக ஆராய்ச்சிகள் கூறுகின்றனவே என்பர். உண்மையே, அதனை மறைப்பது தருக்க தர்மம் ஆகாது. ஆனால் 2011-இல் வெளிவந்த அத்தகைய ஆராய்ச்சி ஒன்று இரண்டு ஆண்டுக் காலம் நடந்தது. அதில் கலந்துகொண்டோருக்கு மாற்றுணவும் முறையான ஆலோசனையும் கிடைத்தன. துணையின்றி, பசித்த வயிற்றோடு, ஒருநாட் காலையில் திடீரெனச் செய்யும் சங்கற்பத்திற்கு அதனைச் சாட்சியாக அழைத்தல் பொருந்தாது. நீரிழிவு உடையவர்களின் நிலையும் வேறு. அவர்களுக்கு வைத்தியர் விதித்ததே விதி, அங்குக் கட்டுரையாளனுக்கு வேலையில்லை.

மூன்றாவது கூற்று கேட்பதற்குப் பயங்கரமானது. சர்க்கரை, மதுவையும் அபினையும் போல மூளையைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்குப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எலிகளைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளை மேற்கோள் காட்டுவர். அச்சோதனைகள் மெய்யே, அவற்றை ஊன்றிப் படித்தோர் எத்தனை பேர் என்பதே ஐயம். சர்க்கரை நீரின்மேல் வெறிகொண்டு பாய்ந்தவை, நாள்தோறும் 12 மணி நேரம் உணவின்றி வைக்கப்பட்டு, அதன்பின் சர்க்கரை நீர் காட்டப்பட்ட எலிகள். அதே சர்க்கரை நீர் எப்பொழுதும் அருகில் இருக்கப்பெற்ற எலிகளிடம் அவ்வெறி தோன்றவில்லை. ஆகவே, இனிப்பு ஒரு துளியும் ஆகாது என்று நாட்ட எடுத்த ஆயுதம், பட்டினியும் விருந்தும் மாறி மாறி வருவதே வெறியை விளைக்கிறது என்று காட்டி, எடுத்தவர் கையையே அறுக்கிறது. மனிதரிடத்தில் சர்க்கரை அடிமைத்தனம் என ஒன்று உண்டு என்பதற்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்றே 2016-இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்றும் முடிவு கட்டியது.

நான்காவது கூற்றுக்கு ஓர் அழகிய பரீட்சையே விடையாக அமைந்திருக்கிறது. சாக்லேட்டை விழைவோருக்கு மெக்னீசியம் குறைவு என்று சொல்வதுண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்செனர், ரோசின் என்னும் இருவர், 1994-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில், சாக்லேட்டுக்கு ஏங்குவோரிடம் ஒருநேரம் சாக்லேட்டையும், ஒருநேரம் கோகோத் தூளின் சத்துச் சிறிதும் இல்லாத வெள்ளைச் சாக்லேட்டையும், ஒருநேரம் கோகோ அடைத்த மாத்திரைக் குப்பிகளையும் கொடுத்துப் பார்த்தனர். சத்து முழுவதும் அடங்கிய குப்பி ஏக்கத்தைத் தீர்க்கவில்லை. சத்தில்லாத வெள்ளைச் சாக்லேட்டோ ஓரளவு தீர்த்தது. நாவும் மூக்கும் கேட்ட ஒன்றைக் குடலுக்குக் கொடுத்து அடக்க முடியாது என்பது இதனால் விளங்கும்.

ஐந்தாவது கூற்றில்தான் நம் வீடுகள் பெரிதும் ஏமாறுகின்றன. சர்க்கரை 1 கிராமுக்கு 4 கலோரி. வெல்லம் 100 கிராமில் ஏறத்தாழ 380 கலோரி. வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை நிறத்திலும் மணத்திலும் காணுமளவுக்குக் கணக்கில் இல்லை. தேன் 300 அளவில் நிற்பது, அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய நீர் கலந்திருப்பதனால். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் பெருமையை நான் குறைக்க வரவில்லை; நிலக்கடலையில் புரதம் உண்டு, வயிற்றில் நின்று பசியாற்றும். ஆயினும் வெறும் கடலையே 100 கிராமில் 560 கலோரிக்கு மேற்பட்டது ஆதலின், "நல்ல மிட்டாய்" என்னும் தைரியத்தில் பொட்டலம் பொட்டலமாகத் தின்பவர் எடை இறங்கக் காணமாட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த நெறியில் தேனும் சர்க்கரையும் ஒரே பந்தியில்தான் அமர்கின்றன. நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அவை அடங்க வேண்டும், இருபதில் ஒரு பங்கு, அதாவது 25 கிராம் அளவில் நின்றால் இன்னும் நன்று என்பது அந்நெறி. இதனை நம் காப்பிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேக்கரண்டிக்கு 4 கிராமாக, டம்ளருக்கு இரண்டு கரண்டி போட்டு நான்கு வேளை அருந்துவோர், மிட்டாய்க் கடையை ஏறெடுத்தும் பாராமலே 32 கிராம் சர்க்கரையை உட்கொண்டுவிடுகின்றனர். 5 கிராம் எடையுள்ள மிட்டாயில் ஆறுக்கு மேல் அதில் அடங்கும்! மிட்டாயைத் துறந்த பெருமிதத்தோடு நாலாம் காப்பிக்கு டம்ளரை நீட்டும் துறவியை என்னென்பது? "அப்படியாயின் கலோரியில்லாச் செயற்கை இனிப்பைக் கலந்துகொள்வோம்" எனில், எடைக் கட்டுப்பாட்டுக்கு அதனை நம்ப வேண்டா என்று அதே நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்திருக்கிறது. நம் காடுகளில் படரும் சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சர்க்கரையும் மணலாகத் தோன்றும். அதுவும் சிறிது நேரத்திற்கு நாவை மரக்கச் செய்வதேயன்றி நாளைய ஆசைக்கு மருந்தாகாது.

பரபக்கம் மறுத்தாயிற்று, இனிச் சுபக்கம். இனிப்பை நாடு கடத்துவதை விட்டு, அதற்கு நேரமும் இடமும் அளவும் குறித்துக் குடியமர்த்துவதே தக்கது என்பது என் சித்தாந்தம். காலையும் நண்பகலும் பயறோ முட்டையோ மோரோ சேர்ந்த உணவை வயிறார உண்பவனுக்கும், நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கிடைப்பவனுக்கும், மிட்டாய் பசியைத் தீர்க்கும் பொருளாக அன்றிச் சுவைக்கும் பொருளாகவே காட்சி தரும். அதனை வெறும் வயிற்றில் தின்னாமல் உணவுக்குப் பின் தின்க. பொட்டலமாக வாங்கி வீட்டில் அடுக்காமல், நடந்து சென்று ஒன்றிரண்டாக வாங்குக. கடித்து விழுங்குவதைவிட, எளிதிற் கரையாத கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக் கொள்வது சிக்கனமான இன்பம்.

வேளையல்லாத வேளையில் ஆசை எழுமாயின், அதனோடு மல்லுக்கு நில்லாமல் மனத்தின் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கலாம். ஏக்கம் என்பது பெரும்பாலும் பண்டத்தின் உருவை உள்ளத்தில் தீட்டிப் பார்ப்பதே என்றும், அவ்வுருவைக் கலைத்தால் ஏக்கம் தளரும் என்றும் ஆராய்ந்தோர் கூறுவர். பிளிமத் பல்கலைக்கழகத்தார் டெட்ரிஸ் என்னும் கட்டை அடுக்கும் விளையாட்டை மூன்று நிமிஷம் ஆடவைத்தே அதன் வேகத்தைக் குறைத்துக் காட்டினர். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் வரையத் தெரிந்த நாட்டாருக்கு அதைவிட நல்ல விளையாட்டை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாரத்தில் ஒரு நாளை இனிப்புக்கு ஒதுக்கும் வழக்கம் சுவீடன் நாட்டில் உண்டு; அங்குக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமையே மிட்டாய்க் கிழமை. அதன் பிறப்புக் கதை உவப்பானதன்று: லுண்ட் நகரத்தில் அறிவுவளர்ச்சி குன்றியோருக்கான விடுதி ஒன்றில், சம்மதம் கூறும் நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு டாஃபியை ஓயாமல் தின்னக் கொடுத்துப் பற்சொத்தையை ஆராய்ந்த பாபத்தின் பயன் அது. அந்நாட்டார் மிட்டாயை வெறுத்தவர்களாகவும் மாறிவிடவில்லை. ஆயினும், விலக்குவதற்கும் வரம்பின்றி உண்பதற்கும் இடையே வரையறுத்தல் என ஒரு வழி உண்டு என்பதை அவ்வழக்கம் ஒரு தேசத்துக்கே கற்பித்தது.

என் நண்பரும் இப்பொழுது சனிக்கிழமைக்காரர். சென்ற தீபாவளிக்கு அதே மைத்துனர் வீட்டில் மைசூர்பாகு ஒன்றை நிதானமாக உண்டார். இரண்டாவது துண்டு வந்தபோது, "போதும், மச்சான்" என்றார். பொன்னை அள்ளிக் கொடுத்தாலும் போதும் என்னாத மனிதன், இலைமுன் அமர்ந்து உண்ட பின்னரே அச்சொல்லைச் சொல்லுவான் என்று கூறி நம் முன்னோர் அன்னதானத்தைச் சிறப்பித்தனர். ஆடி முதல் ஐப்பசி வரை நண்பர் எத்தனையோ முறை "வேண்டாம்" என்றவர். "போதும்" என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.