அறுவைக்கு முன்னுள்ள நாள்களை எண்ணுக!

விருதுநகரில் உண்ணாநோன்பு கிடந்த ஈகி சங்கரலிங்கனார், 1956 அக்தோபர் 13-இல் உயிர்நீத்த இடம் மதுரை அரசு மருத்துவமனை. கடுநோய் என்றால் மதுரைக்குச் செல்வதே அப்பக்கத்தாரின் நெடுநாள் வழக்கம். 2022 சனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, மகிழத்தக்கதே. ஆயினும், புற்றுநோய் என்றவுடன் சிவகாசி, வெம்பக்கோட்டை மக்களுள் பலர் இன்றும் மதுரைக்கே வண்டியேறுகின்றனர்.

அறுவைக்குக் காத்திருத்தல் என்றால் அறுவையரங்கின் வாயிலில் நிற்கும் வரிசை என்றே எண்ணுகின்றோம். காத்திருப்போ அதற்கு நெடுமுன்பே தொடங்கிவிடுகின்றது. மார்பில் கட்டி கண்ட பட்டாசுத் தொழிலாளி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. சதைத்துணுக்கு எடுக்க ஒரு நாள். முடிவு பெற ஒரு நாள். படமெடுக்க ஒரு நாள். மயக்க மருத்துவர் உடல்நிலையைத் தேர்ந்து ஒப்ப ஒரு நாள். முதலமைச்சர் காப்பீட்டுத் தாளுக்காக மேலும் ஒரு நாள். சிவகாசியிலிருந்து மதுரை ஏறத்தாழ 45 கல் தொலைவு. ஒவ்வொரு நாளும் அவளுக்கும் கூலியில்லை. துணை வருபவர்க்கும் கூலியில்லை. எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவள் 'அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருமுறை தள்ளிவைத்தால், அதனை அறியாமை எனப் பழிப்பார் உளர். அவர் ஒருநாட் கூலியும் இழந்தறியாதவர்.

அந்தத் தள்ளிவைப்பின் விலை என்ன? பிரித்தானிய மருத்துவ இதழ் 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மார்பகம், குடல் முதலான புற்றுகளில் அறுவை நான்கு கிழமை தாழ்ந்தால் சாவுக்கான இடர் 6 முதல் 8 விழுக்காடு கூடுகின்றது.

இனி, அவள் கைக்கு வரும் முடிவுத்தாளைப் பார்ப்போம். அஃது ஆங்கிலத்தில் உள்ளது. அதில் எழுதியிருப்பது புற்று என்பதோ, விரைந்து செல்லவேண்டும் என்பதோ அவளுக்கு எப்படி விளங்கும்? படித்துச் சொல்வார் கிடைக்கும்வரை தாள் துணிப்பைக்குள் மடங்கிக் கிடக்கின்றது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் தமிழச்சிக்குத் தன் நோயின் பெயரைத் தமிழில் எழுதித் தர எது தடை? (தமிழில் எழுதியதால் கட்டி கரைந்துவிடாது என்பதும் உண்மையே. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அரங்கு, செவிலியர் எல்லாம் வேண்டும்.)

இங்கிலாந்தில், புற்று ஐயத்தோடு அனுப்பப்பட்டவர்க்கு 62 நாளுக்குள் பண்டுவம் தொடங்கவேண்டும் என்று வரையறுத்துள்ளனர். அவ்வரையறையை அவர்கள் பல ஆண்டுகளாகவே எட்டவில்லை. எட்டவில்லை என்பது எல்லார்க்கும் தெரிகின்றது; ஆகலின் ஆட்சியாளரைக் கேட்கவும் முடிகின்றது. மார்பகப் புற்றை 60 நாளுக்குள் உறுதிசெய்யவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

சதைத்துணுக்கு எடுத்தலும் முடிவு தருதலும் சிவகாசியிலோ விருதுநகரிலோ முடியவேண்டும். படத்தையும் மயக்க மருத்துவரின் ஒப்பையும் ஒரே வருகையில் முடித்துத் தரவேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தமிழ்த்தாள். அதில் முதலிற் பார்த்த நாள், முடிவு வந்த நாள், அறுவை நாள் என மூன்றே வரி. அவற்றின் இடைவெளியைக் கூட்டிச் சராசரியைத் திங்கள்தோறும் மருத்துவமனை வாயிலில் எழுதிவைக்க ஒரு கரும்பலகை. மருத்துவரைக் கூட்ட அரசாணை வேண்டும், பணம் வேண்டும். அதற்கு ஆண்டுகளும் ஆகலாம். கரும்பலகையை வரும் திங்களிலேயே மாட்டலாம்.