மியூர் துரையின் தண்டவாளம்

டாப் ஸ்டேஷன் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருத்தர் பேங்க் கவுண்டரில் நின்று கேட்டார்: "ரயிலே இல்லாத மலைக்கு ஸ்டேஷன்னு எதுக்குய்யா பேரு?" ரயில் இருந்தது. அதற்கு ஒரு முதலாளியும் இருந்தார்.

சர் ஜான் மியூர். ஸ்காட்லாந்துக்காரர். பருத்தி யாவாரம் பண்ணிய ஜேம்ஸ் பின்லே கம்பெனியில் சேர்ந்து, அதையே தன் கைக்குள் கொண்டு வந்தவர். 1889 முதல் 1892 வரை கிளாஸ்கோவின் நகரத் தலைவர். பிறகு பாரனெட் பட்டம். 1877இல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை ஆண்டுக்கு 3,000 ரூபாய்க் குத்தகைக்கு எடுத்த கண்ணன் தேவன் மலை, 1890களில் மியூர் கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், மாடு இழுத்தது. 1908இல் நீராவி எஞ்சின். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் நம்ம போடிக்கு வந்தது. மியூர் 1903லேயே செத்துப் போனார். ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோனது. 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்' என்று கொல்லம் ஆண்டுக் கணக்கில் அதற்குப் பேர்கூட உண்டு.

அந்த ரயிலைப் பற்றி இன்றைக்கும் உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்குக் கணக்குப் பார்க்கிற பொழப்பு. வரவு எழுதினால் பற்றும் எழுதியாகணும். பெட்டி இறங்கிய அதே மலையில்தான் நம்ம சனம் ஏறியது. கங்காணி கொடுத்த முன்பணத்தில் கட்டுண்டு பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஊர் ஊராக. பெட்டிக்கு ரோப்வே, ஆளுக்குக் கால்நடை. காட்டை வெட்டியதும் பாதை போட்டதும் கொழுந்து கிள்ளியதும் யார்? எந்தப் படத்துக்கும் கீழே ஒரு மாடசாமி பேரோ ஒரு கருப்பாயி பேரோ இல்லை.

தண்டவாளமும் 'லைன்', தொழிலாளி வீடும் 'லைன்'. அதுதான் லயம். ஒரு லைன் வெள்ளத்தில் போனது சரித்திரம் ஆகிவிட்டது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் நாலு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம், பெரும்பாலும் தலித்துகள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது.

சுற்றுலாவுக்காக மியூர் ரயிலைத் திரும்ப விடலாம் என்று 2019 வாக்கில் ஒரு பேச்சு கிளம்பியது. ஓடட்டும், யார் வேண்டாங்குறது? ரிட்டயர் ஆனதும் லயத்தைக் காலி பண்ணிவிட்டு மலையிறங்கு என்று சொல்கிறீர்களே, அந்தக் கிழவிக்கு அங்கேயே பத்து செண்டு நிலத்தை அவள் பேரில் எப்போது எழுதப் போகிறீர்கள்?