பாலும் சீனியும் வேண்டாத தே

தே தாரிக்குக்குப் பழகிய நாக்குக்கு இந்த வாரத் தேநீரைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிறம் இளமஞ்சள். பால் ஊற்றினால் பாழ். பெயர் பௌசோங், தைப்பேய்க்குப் பக்கத்தில் பிங்லின் மலைப்பகுதியில் விளையும் ஊலோங் வகை. நான் வாங்கியது ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் இயற்கை முறையில் விளைந்தது.

வெட்டிவைத்த ஆப்பிள் காற்றுபட்டுப் பழுப்பாகிறதல்லவா, தேயிலையும் அப்படித்தான் சிவக்கிறது. நம் வீட்டுத் தேத்தூள் முழுக்கச் சிவந்த இலை. பச்சைத் தேநீர் சிவக்கவே விடாதது. பௌசோங் இரண்டுக்கும் இடையில் இருந்தாலும் பச்சைப் பக்கமே அதிகம் சாயும். இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளில் மெல்லப் புரட்டுவார்கள். ஓரம் கசங்கி வாசம் எழுந்ததும் சூடேற்றி, சிவப்பதை நிறுத்திவிடுவார்கள். எப்போது நிறுத்துவது என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும்.

3 கிராம் இலைக்கு 150 மில்லி வெந்நீர். கொதித்ததைச் சற்று ஆறவிட்டு ஊற்றினேன். முதலில் பூவாசம். கிட்டத்தட்ட மல்லிகை, ஆனால் பூ எதுவும் கலக்கவில்லை. வாயில் வழுவழுப்பு, துவர்ப்பு மிகக் குறைவு. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய தித்திப்பு. அதே இலையில் மூன்றாம் முறை ஊற்றியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இயற்கை விளைச்சல் என்பது நாக்குக்குத் தெரியுமா? தெரியாது என்றே சொல்வேன். அந்த முத்திரைக்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு வேறு எதற்கோ போகிறது. பிங்லினில் பெய்யும் மழை ஃபெய்சுய் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1987-இல் கட்டி முடித்த அந்த அணையின் நீரைத்தான் தைப்பேய் மக்கள் குடிக்கிறார்கள். மலையில் அடித்த மருந்து குழாய்வரை வரக்கூடும்.

தண்ணீருக்கும் முன்பாக, அடிப்பவர் மேல்தான் அது படும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியா 2002-இல் தடை விதித்தது, 2006-இல் தடையை நீக்கியது, 2020-இல்தான் முழுமையாக நிறுத்தியது. என் அம்மா பால்மரத் தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர். அவருடைய விரல் நகங்கள் அந்த நாள்களில் கறுத்துக் கழன்றிருக்கின்றன.

அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

"புல்ல வேக வச்ச தண்ணி மாதிரி இருக்கு," என்றார்.

ஊறி விரிந்த இலைகளைத் தட்டில் பரப்பி வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து, பூச்சி கடித்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அங்க களையெல்லாம் எப்படி எடுக்குறாங்க?"

"கையாலயும் புல்லு வெட்டுற மிஷினாலயும்தாம்மா."

விலையைக் கேட்டு முகம் சுளித்தார். கிண்ணத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.