சீட்டும் ஹேண்டில்பாரும் சேர்ந்தா காளை!



உங்க ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டில் துருப்பிடிச்ச சைக்கிள் ஒண்ணு அநாதையா நிக்குமே... அதோட சீட்டையும் ஹேண்டில்பாரையும் மட்டும் கண்ணாலேயே கழற்றுங்க. சீட்டின் கூர்முனை கீழே, ஹேண்டில்பார் மேலே. என்ன தெரியுது? கொம்போட ஒரு காளை!

1942-ல் பிகாஸோ இப்படித்தான் பார்த்தார். பாரீஸ் அப்போ ஜெர்மன் ராணுவத்தின் பிடியில். ஊர்ச் சிலைகளையே உலோகத்துக்காக உருக்கிய காலம். காயலான் கடைச் சரக்கு மாதிரி கிடந்த ரெண்டு பொருளைச் சேர்த்தார், ‘காளையின் தலை’ ரெடி!

‘ப்பூ... இதை நானே செய்வேனே!’ங்கறீங்களா? அப்ப ஆட்டைப் பாருங்க. 1950, தெற்கு பிரான்சின் வல்லோரிஸ் ஊர். இந்தத் தடவை ரூட்டே வேற. முதலில் ஐடியா, அப்புறம்தான் பொருள் வேட்டை. குப்பைமேட்டைக் கிளறிக் கிளறிச் சேர்த்தார். சினை ஆட்டின் வயிற்றுக்குப் பழைய பிரம்புக் கூடை, முதுகெலும்புக்கு ஒரு பாம் மர மட்டை, மடிக்கு ரெண்டு மண் ஜாடி. இடைவெளிகளுக்கு ப்ளாஸ்டர்.

அடுத்த வருஷம் ஒரு குரங்கு. முகத்துக்கு எதை எடுத்தார் தெரியுமா? மகன் க்ளோடின் பொம்மைக் கார்கள் ரெண்டு! ஒண்ணு நேராக, அதுக்குக் கீழே இன்னொண்ணு தலைகீழாக. முன்கண்ணாடி கண்ணாச்சு, ரெண்டு காருக்கும் நடுவிலிருந்த இடைவெளி வாயாச்சு. நாலு வயசுப் பையனோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க!

மேட்டர் இதுதான். அந்த ஆட்டை வெண்கலத்தில் வார்த்த பிறகும் கூடைப் பின்னல் பளிச்சுனு தெரியும். நினைச்சிருந்தா ப்ளாஸ்டரை அப்பி மறைச்சிருக்கலாம். மறைக்கலை. பார்க்கிறவங்களுக்குக் காளை மட்டும் தெரிஞ்சா போதாது, சைக்கிளும் தெரியணும்ங்கறதுதான் பிகாஸோவோட ஆசை.

நம்மில் எத்தனை பேர் காலேஜ் கேட்டைத் தாண்டினதும் ஊர்ப்பேச்சை மறைக்கிறோம்? தமிழ் மீடியம்னு சொல்லத் தயங்குறோம்? ‘அப்பா என்ன பண்றார்?’னு கேட்டா டாபிக்கை மாத்துறோம்?

புதுசா என்ன வேணா ஆகுங்க பாஸ். ஆனா, கூடை தெரியட்டும். ஆட்டுக்கு அழகே அதுதான்!