வளைவில் நிற்கட்டும் சட்டம்

மண்முனைத்துறையில் பாதைக்காகக் காத்துநின்ற காலம் ஒன்றிருந்தது. 2014இல் பாலம் திறக்கப்பட்டது. படுவான்கரை மக்கள் நெடுநாள் கேட்டுப் பெற்ற பாலம் அது. பாலத்தோடு வேகமும் வந்தது. வேகத்துக்கேற்ற ஒழுங்கு வரவில்லை.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயலையும் குளத்தையும் சுற்றி வளையும் வீதிகளைப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். இரவானால் தாரின் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும். பின்விளக்கில்லாத உழவு இயந்திரம் முன்னே ஊரும். இவற்றினிடையே மூவரை ஏற்றிய மோட்டார் சைக்கிள் பறக்கிறது. தலைக்கவசமோ கைப்பிடியில் தொங்குகிறது. பொலிஸாரைக் கண்டால்தான் அது தலைக்கேறும்!

நேர்வீதியில் மரநிழலில் நின்று வேகம் அளப்பதோடு கடமை முடிந்ததெனப் பொலிஸார் எண்ணலாகாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வேக எல்லை வகுத்ததோடு, கவனயீனமாகச் செலுத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. எல்லைக்குள்தான் ஓடினேன் என்பது குருட்டு வளைவில் முழு எதிர்வாதமாகாது. எனவே காவல் நிற்கவேண்டிய இடம் வளைவு.

பொலிஸ் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் மாகாணங்களுக்கென எழுதப்பட்டும் கையளிக்கப்படாமற் கிடக்கிறது. அவ்வழக்கை நாம் விடப்போவதில்லை. ஆனால் அது தீரும்வரை நம் பிள்ளைகள் வீதியில் விழுந்துகொண்டிருக்க முடியுமா?

2025 மே மாதத்தில் வாக்குக் கேட்டு வந்த பிரதேச சபை உறுப்பினர்களே! கட்டாக்காலி மாடுகளைப் பிடிப்பதும் தெருவிளக்கு இடுவதும் உங்கள் கையில் உள்ளவை. வளைவுகளுக்கு முன் தமிழில் எச்சரிக்கைப் பலகைகளை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்த அறுவடைக்கு முன்னரே தொடங்குங்கள்.